இளவேனிலுக்கு ஏற்ற பீர் எது? குமரி மாவட்டத்து வெயிலையும் மழையையும் வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

பெரும்பொழுது ஆறனுள் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். ஐரோப்பியர் கணக்கில் வசந்தம் மார்ச்சில் தொடங்கி மே இறுதியில் முடிகிறது. இந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றரை மாத அளவுக்கே ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பொருந்தும் அந்த ஒன்றரை மாதத்திலும் அங்கே நிலவும் வானிலை வேறு, இங்கே நிலவும் வானிலை வேறு. பீர் வகைகளைப் பற்றி எழுதுவோர் 'வசந்த காலத்துக்கு உரியவை' என்று பரிந்துரைப்பவை பெரும்பாலும், பனி உருகி மரங்கள் துளிர்க்கத் தொடங்கினாலும் மாலையானால் கம்பளிச் சட்டையைத் தேட வைக்கும் நாடுகளில் வாழ்வோருக்காகச் சொல்லப்பட்டவை. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ குழித்துறையிலோ இருந்துகொண்டு அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே அறிந்தேன்.

பயணிகள் கப்பலில் உணவு பரிமாறும் பணியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, வட ஜெர்மனியின் துறைமுக நகர் ஒன்றில் ஏப்ரல் மாதத்து இரவில் அருந்தி மகிழ்ந்த 'மைபாக்' என்னும் வசந்த காலப் பீரில் இரண்டு பாட்டில்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். மே மாதத்து நண்பகலில் வீட்டு மொட்டைமாடியில் ஓலைப் பந்தலின் கீழ் அமர்ந்து நண்பனுக்கு ஊற்றிக் கொடுத்தேன். அரைக் குவளை முடிவதற்குள் இருவருக்கும் தலை கனத்துவிட்டது. அங்கே தேன்போல் இனித்த அதே பீர் இங்கே பாகுபோல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பீரில் குறையில்லை. அதை அருந்திய இடத்திலும் நேரத்திலுமே குறை இருந்தது. மாதத்தின் பெயரைப் பார்க்காமல் அன்றைய வானிலையைப் பார்த்துப் பீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நான் கற்றுக்கொண்டது. இந்தக் கட்டுரை அதன் விளக்கமே ஆகும்.

பெயரில் உள்ள மாதம் ஏமாற்றும்

ஐரோப்பியப் பீர்களின் பருவப் பெயர்கள் குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் உருவானவை. கோடை வெப்பத்தில் காய்ச்சினால் வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்து பீர் கெட்டுவிடுகிறது என்பதால், பவேரியாவில் 1553ஆம் ஆண்டின் ஆணை ஒன்றால், ஆண்டுதோறும் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவது தடை செய்யப்பட்டது. ஆகவே கோடை முழுவதற்கும் தேவையானதை மார்ச் மாதத்திலேயே சற்று வீரியமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் வைத்துப் பாதுகாத்தார்கள். 'மெர்ட்சன்' என்னும் வகைக்கு மார்ச்சைக் குறிக்கும் அந்தப் பெயர் வந்தது இதனால்தான். பெயரில் மார்ச் இருந்தாலும் அது வசந்தத்தில் அருந்தப்படுவதைவிட, நிலவறையில் எஞ்சியது இலையுதிர் காலத் திருவிழாவில் அருந்தப்படுவதற்கே பெயர் பெற்றது. மார்ச் மாதத்தில் கடையில் பெயரைப் பார்த்து அதை எடுப்பவர், மாவடு தேடிப் போய் ஊறுகாய் வாங்கி வந்தவரைப் போன்றவர்.

'பாக்' வகையும் இத்தகையதே. ஐன்பெக் என்னும் ஜெர்மானிய நகரத்தில் தோன்றிப் பின்னர் மியூனிக்கில் நிலைபெற்ற இவ்வகையின் வெளிர்நிற வடிவமே மே மாதத்தின் பெயரைத் தாங்கிய மைபாக். அதில் ஆல்கஹால் 6.3 முதல் 7.4 சதவீதம் வரை இருக்கும். இதைவிடக் கனமான 'டாப்பல்பாக்' மியூனிக்கின் பவுலானர் துறவியரால் தவக்காலத்துக்கென்று காய்ச்சப்பட்டது. திட உணவைக் குறைத்த நோன்பு நாட்களில் அது அவர்களுக்கு நீர் வடிவிலான அப்பமாக இருந்தது. நம் கடற்கரை ஊர்களிலோ தவக்காலம் முழுவதும் மதுவைத் தொடுவதில்லை என்று நோன்பு எடுப்பவர் பலர். ஒரே திருச்சபை, ஒரே நாற்பது நாட்கள், நோன்பு மட்டும் நேர் எதிர்.

எடுப்பதற்கு முன் பாட்டிலைப் பாருங்கள்

வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், கையில் எடுக்கும் பாட்டிலில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது ஆல்கஹால் அளவு. நம் மாவட்டத்தின் அரசு மதுக்கடைகளில் அடுக்கப்பட்டிருப்பவற்றில் பெரும்பான்மை, குளிரில் மெல்ல நொதிக்க வைக்கப்படும் லாகர் வகையே; அவற்றிலும் 'ஸ்ட்ராங்' என்று அச்சிடப்பட்டவையே மிகுதி. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை உள்ளது ஸ்ட்ராங் எனப்படும். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்றால் அதனுள் இருக்கும் தூய ஆல்கஹால் 52 மில்லி. 330 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் 16.5 மில்லி மட்டுமே. அதாவது, 'ஒரு பீர்தானே' என்று சொல்லிப் பெரிய ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றை முடிப்பவர், உண்மையில் மூன்று சிறிய பாட்டில்களுக்கும் சற்று மேலாகவே அருந்தியிருக்கிறார். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் வகைத் தேர்வில் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, தயாரிப்புத் தேதி. பீர் பழகப் பழகச் சிறக்கும் பொருளன்று. கனமான கறுப்புப் பீர்கள் சில மட்டுமே நாள்பட்டுத் தாங்கும். வெளிர்நிற லாகரும் கோதுமைப் பீரும் புதிதாக இருக்கும்போதே நன்றாக இருக்கும். வெப்பம் இந்த முதுமையை விரைவுபடுத்துகிறது. தகரக் கூரையின் கீழ் இரண்டு மாதம் இருந்த பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலில், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வீசும்; பீரில் உள்ள சில பொருள்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்ததன் விளைவு அது. கோடையில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட தேதியுள்ளதையே நான் எடுப்பேன். அதைவிடப் பழையது மட்டுமே இருந்தால் வாங்காமல் திரும்பிவிடுவேன். வரிசையில் நின்ற நேரத்தை நினைத்து வாங்கிய நாட்களில் எல்லாம் வருந்தவே நேர்ந்தது.

பாட்டிலின் நிறமும் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்புப் பொருள் வெயில் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றத்தை உண்டாக்குகிறது. பழுப்பு நிறக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடி சிறிதளவே தடுக்கும். நிறமற்ற கண்ணாடி அறவே தடுக்காது. கேன் என்றால் இந்தக் கவலையே இல்லை. கண்ணாடிக் கதவுள்ள குளிர்பெட்டியில் வெயில் படும் முன்வரிசையில் நின்ற பச்சைப் பாட்டிலை விடுத்து, பின்வரிசையிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. வாங்கியதை இருசக்கர வாகனத்தின் முன்கொக்கியில் ஒளி ஊடுருவும் பையில் தொங்கவிட்டுக்கொண்டு, மதிய வெயிலில் பார்வதிபுரத்திலிருந்து திங்கள்நகர் வரை போனால், எந்தத் தேர்வும் பயன் தராது.

பங்குனி முடிவும் சித்திரையும்: நண்பகல்

நம் மாவட்டம் திருநெல்வேலியைப் போல் வெயிலில் கொதிப்பதில்லை. கடல் அருகில் இருப்பதாலும் மலை மறுபுறம் நிற்பதாலும் வெப்பமானியின் எண் அடங்கியே இருக்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் வியர்வையை உலர விடாது. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த பின் புழுக்கம் இன்னும் கூடும். இத்தகைய நண்பகலில் எந்தப் பீரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன், தாகத்துக்குப் பீரைத் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். கூடாது என்பதே விடை. உடலில் நீரைத் தக்கவைக்கும் சுரப்பை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. ஆகவே அருந்திய நீரைவிட மிகுதியான நீர் வெளியேறக்கூடும். தாகத்துக்கு இளநீர் உண்டு, நுங்கு உண்டு, பனையேறும் காலமாதலால் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய அக்கானி என்னும் பதநீரும் உண்டு. அவற்றால் தாகம் தீர்ந்த பின், சுவைக்காக அருந்துவதானால் மட்டுமே பீரைப் பற்றிப் பேசலாம்.

அப்படிச் சுவைக்காக என்றால், நண்பகலுக்கு 5 சதவீதத்துக்கு மேற்படாத, கசப்பு மிதமான, வாயு மிகுந்த வகைகளே பொருந்தும். அவற்றுள் முதலில் நிற்பது பில்ஸ்னர். பொஹீமியாவின் பில்சன் நகரில் 1842ஆம் ஆண்டு யோசஃப் குரோல் என்னும் பவேரியர் காய்ச்சிய பொன்னிற லாகரே இவ்வகையின் தொடக்கம். இன்று உலகெங்கும் விற்கும் வெளிர்நிற லாகர்கள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூதாதை. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் லாகரை அருந்தியவர், பில்ஸ்னரைத் தெரிந்துகொண்டதாக எண்ணிவிடக் கூடாது. அரிசியும் சர்க்கரையும் சேர்த்து மெலிதாக்கப்பட்ட லாகரில் கசப்பு பெயரளவுக்கே இருக்கும். உண்மையான பில்ஸ்னரிலோ ஹாப்ஸின் கசப்பு தெளிவாக எழுந்து, விழுங்கிய உடனே நாக்கைத் துடைத்துவிட்டுச் செல்லும். பாகற்காய்த் தோரனை விரும்பி உண்பவருக்கு அது முதல் மிடறிலேயே பிடித்துப்போகும்.

கசப்பை விரும்பாதவருக்கு ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் 'கோல்ஷ்' ஏற்றது. லாகரைவிடச் சற்று வெப்பமான நிலையில் நொதிக்கும் ஏல் வகைக்குரிய ஈஸ்ட்டால் நொதிக்க வைத்து, லாகரைப் போலக் குளிரில் பதப்படுத்தப்படும் இடைப்பிறவி அது, 4.4 முதல் 5.2 சதவீதம். கொலோனில் அதை 200 மில்லி மட்டுமே கொள்ளும் மெல்லிய நீள்குவளையில் தருகிறார்கள். பீர் வெதுவெதுப்பாவதற்குள் குவளை காலியாகிவிடும் என்பதே அதன் பயன். புழுக்கம் மிகுந்த நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் வேறில்லை. எந்தப் பீரானாலும் சிறு குவளையில் ஊற்றி, பாட்டிலைக் குளிர்பெட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

புளிப்பை நாடுபவருக்கு 'பெர்லினர் வைஸ' என்றும் 'கோசெ' என்றும் இரண்டு வகைகள் உள்ளன. முன்னது 2.8 முதல் 3.8 சதவீதமே உள்ள கோதுமைப் பீர். தயிரைப் புளிக்க வைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் அதற்குப் புளிப்பைத் தருகின்றன. பின்னதில் உப்பும் கொத்துமல்லி விதையும் சேரும். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுப் பச்சை மாங்காய் தின்று வளர்ந்த நாக்குக்குக் கோசெயை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய தலைமுறையினர் கள்ளின் புளிப்பை அறிந்தவர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் இளையோர் அந்தச் சுவையைக் கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் மட்டுமே அறிய முடிகிறது. அந்தப் புளிப்பை நினைத்து ஏங்கும் பெரியவர் ஒருவருக்குப் பெங்களூரில் உள்ள மகனோ மகளோ வாங்கித் தருவதானால், இந்த வகைகளே கள்ளுக்கு ஓரளவு அண்மையில் நிற்பவை. இவை நம் மாவட்டக் கடைகளில் எளிதில் அகப்படுபவை அல்ல. பெங்களூரின் சிறு பீர் ஆலைகளிலும் வெளிநாட்டுப் பயணங்களிலும்தான் எதிர்ப்படும்.

மாலைக்குக் கோதுமை

கடற்காற்று எழும் மாலை நேரத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது கோதுமைப் பீருக்கே. இதில் பெல்ஜிய வழி ஒன்று, பவேரிய வழி ஒன்று. பெல்ஜியத்தின் 'விட்பியர்' கொத்துமல்லி விதையும் நாரத்தை இனத்தைச் சேர்ந்த ஆரஞ்சின் காய்ந்த தோலும் இட்டுக் காய்ச்சப்படுவது. அழிந்துபோயிருந்த இவ்வகையை ஹூகார்டன் என்னும் சிற்றூரில் 1966இல் மீண்டும் உயிர்ப்பித்தவர் பியேர் செலிஸ். இன்று இந்தியாவில் பரவலாக விற்கும் கோதுமைப் பீர்களில் பலவும் இந்த வழியில் வந்தவையே. ஆகையால் நம் மாவட்டத்தில் லாகரைத் தாண்டி வேறொன்றைத் தேடுபவருக்கு முதலில் அகப்படுவதும் இதுவாகவே இருக்கும். இதன் கசப்பு மிகக் குறைவு; சமைத்த உணவின் மணத்தோடு முட்டி மோதுவதில்லை.

பவேரியாவின் 'ஹெஃபெவைட்சன்' நம்மவருக்கு இன்னும் நெருக்கமானது என்பேன். அதைக் கண்ணாடியில் ஊற்றியவுடன் எழும் மணம் வாழைப்பழமும் கிராம்பும் கலந்ததுபோல் இருக்கும். இவ்விரண்டில் எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை. அந்த ஈஸ்ட் நொதிக்கும்போதே பழுத்த வாழையில் உள்ள அதே மணப்பொருளையும், கிராம்பை நினைவூட்டும் வேறொன்றையும் தானாக உண்டாக்குகிறது. மாறாமலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இலும், நம் மட்டி வாழைப்பழத்துக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தன. அவ்விரண்டு மணமும் ஒரு குவளையில் சேர்ந்து வருவதை முதன்முதலில் முகர்ந்தபோது, அம்மாவின் சமையலறை அலமாரியைத் திறந்ததுபோல் இருந்தது. எந்தத் துறைமுகத்தில் கிடைத்தாலும் அதன் பிறகு அதையே கேட்டு வாங்கினேன்.

கோதுமைப் பீர் கலங்கலாக இருப்பது இயல்பு. அதைக் கெட்டுப்போனது என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டையிட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கலங்கல் கோதுமையின் புரதத்தாலும் அடியில் தங்கிய ஈஸ்ட்டாலும் வருவது. முக்கால் பங்கை ஊற்றிய பின், பாட்டிலை மெல்லச் சுழற்றி எஞ்சியதையும் நுரையோடு சேர்த்து ஊற்ற வேண்டும். மாறாக, தெளிவாக இருக்க வேண்டிய லாகர் மங்கலாகவோ திரிதிரியாகவோ இருந்தால் அருந்தாமல் விட்டுவிடுவதே நல்லது.

தட்டில் இருப்பதைப் பொறுத்து

பீரைத் தேர்ந்தெடுக்கும்போது உணவையும் கருத வேண்டும். நம் மாவட்டத்து உணவில் மிளகாயும் தேங்காயும் புளியும் மூன்றும் ஓங்கி நிற்பதால் இது சற்று நுட்பமானது. அடிப்படை எளிது: ஆல்கஹாலும் கசப்பும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் இனிப்பு அதைத் தணிக்கும், வாயுக் குமிழிகள் எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து அகற்றும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்கலாம்.

'இந்தியா பேல் ஏல்' என்பதன் பெயரில் நம் நாடு இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கப்பலில் இங்கே அனுப்பப்பட்ட வெளிர்நிற ஏலின் வழித்தோன்றல் அது. ஆனால் காந்தாரி மிளகாய் அரைத்த துவையலும் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் முன்னால் இருக்கும்போது அதைத் திறக்க வேண்டாம். கசப்பளவு (IBU என்னும் அலகில்) 40 முதல் 70 வரை, ஆல்கஹால் 5.5 முதல் 7.5 சதவீதம் வரை உள்ள அந்தப் பீர், காந்தாரியின் எரிச்சலை இரட்டிப்பாக்கிவிடும். அதே இடத்தில் கசப்பளவு 8 முதல் 15 வரையே உள்ள ஹெஃபெவைட்சன், மரச்சீனியின் மாவுத்தன்மையோடு இணங்கிக் காரத்தையும் அடக்கும். புளிமுளத்துக்கும் இதுவே. தேங்காயைப் பட்டுப்போல் அரைத்து வைக்கும் அந்த மீன்கறியின் புளிப்புக்கு எதிரே, புளிப்பான பீரை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்; கோதுமையின் மென்மைதான் அங்கே தாங்கும்.

பொரித்த மீனுக்குப் பில்ஸ்னர். இதில் எனக்கு ஐயமே இல்லை. தேங்காய் எண்ணெயில் மொறுமொறுவென்று எடுத்த நெத்திலியோ சாளையோ, அருகில் ஏத்தங்காய் வற்றலோ இருந்தால், கசப்பும் குமிழியும் எண்ணெயை வெட்டி அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கும்.

இந்தப் பருவத்தில் என்ன மீன் கிடைக்கும் என்பதும் எளிய செய்தியன்று. நம் மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரைகள். ஆகவே இரண்டு தடைக்காலங்கள். சின்னமுட்டத்தின் விசைப்படகுகள் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போவதில்லை; குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் படகுகள் மேற்குக் கரைக் கணக்கில் மே முடியும் வரை போய்வருகின்றன. சித்திரையில் நெய்மீனும் கணவாயும் வேண்டுமென்றால் மேற்கே போவதே வழி. கணவாய் ரோஸ்ட்டின் மிளகு மணத்துக்கு விட்பியர் நன்றாகச் சேரும். வைகாசி முடிவில் மேற்கும் அடங்கிவிட்டால், நாட்டுப்படகுகள் கொண்டுவருவதை வைத்தே சமையலும் பீரும் அமையும்.

முந்திரிக்கொத்து போன்ற இனிப்போடு பீர் அருந்துவாரும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வைகாசி: மழை இறங்கிய பின்

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்கள் எடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை, பெரும்பாலும் வைகாசியின் பிற்பாதியில் வந்துவிடுகிறது. அதுவரை வெயிலுக்காகச் செய்த கணக்கு அன்று முதல் மாறும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மழை விடாமல் பெய்யும் மாலையில், வெறும் 4 சதவீத லாகர் தண்ணீராகத் தோன்றும். ஐரோப்பியரின் வசந்தப் பட்டியல் நமக்கு உண்மையில் பயன்படும் இடம் இதுதான்.

பெல்ஜியத்தின் வலோனியாப் பகுதியில் பண்ணைத் தொழிலாளருக்கென்று குளிர்காலத்தில் காய்ச்சி வைக்கப்பட்ட 'செசோன்' இந்த மழைக்கு மிகவும் உகந்தது. 5 முதல் 7 சதவீதம். மிளகின் காரச்சாயலும் வறண்ட முடிவும் உடையது. மிளகும் சீரகமும் தூக்கலாக உள்ள கோழி வறுவலோடு அதைப் போலப் பொருந்துவது வேறில்லை. மொட்டைமாடியில் என்னை ஏமாற்றிய மைபாக்கும் இங்கே மீண்டும் தகுதி பெறுகிறது. 200 மில்லிக்கு மேல் வேண்டாம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை வந்த பின் அருந்த வேண்டும். கறுத்த ஸ்டவுட்டைப் பெரும்பாலோர் கனமானது என்று அஞ்சுகிறார்கள். அயர்லாந்து வழியில் வந்த ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4 முதல் 5 சதவீதமே. கறுப்பு நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது, வீரியத்திலிருந்து வருவதன்று. கருப்பட்டிக் காப்பியைச் சர்க்கரை குறைத்துக் குடித்துப் பழகியவருக்கு அந்த வறுத்த கசப்பு அந்நியமாகத் தோன்றாது. அயர்லாந்தில் ஸ்டவுட்டோடு கடல் சிப்பியை உண்பது பழைய வழக்கம். நம் கரையில் பாறையிலிருந்து எடுக்கும் சிப்பியை மிளகு போட்டு வறுத்து அதனோடு வைத்துப் பார்த்தால், அந்த வழக்கத்தின் காரணம் விளங்கும். அதே நிறத்தில் இலங்கையிலிருந்து வரும் ஸ்டவுட் ஒன்று 8 சதவீதத்தையும் தாண்டியது என்பதால், கறுப்பு எல்லாம் ஒன்று என்று எண்ணாமல் லேபிளைப் படித்தே தீர வேண்டும்.

ஊற்றும் முறையும் சில எல்லைகளும்

பீரைப் பனிக்கட்டிபோல் உறையவைத்து அருந்தினால் மணம் தெரியாது. மலிவான லாகரை அப்படி அருந்தச் சொல்வதற்குக் காரணமும் அதுவே. லாகர், பில்ஸ்னர் 4 முதல் 7 டிகிரி. கோதுமைப் பீர் சற்று மேலே. நம் வெப்பத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசைக்கு வருவதற்குள் அந்த அளவு தானாகவே வந்துவிடும். ஐஸ் கட்டி இட வேண்டாம். அது சுவையை நீர்த்துவிடும். கண்ணாடியில் மீன்கறியின் எண்ணெயோ சோப்பின் வழுவழுப்போ சிறிதேனும் இருந்தால் நுரை நிற்காது. பெரியவர்கள் கண்ணில் படாதிருக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் நிறமும் தெரிவதில்லை, நுரையும் தெரிவதில்லை, பெரியவர்களுக்கோ எல்லாம் தெரிகிறது.

தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான வயது 21. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 23. அங்கே வேறு வகைகள் கிடைக்கின்றன என்பதற்காக அனுமதியின்றிக் களியக்காவிளை வழியாகக் கொண்டுவருவது குற்றம். இந்தப் பருவத்தில் மகாவீரர் ஜெயந்தி அன்றும் மே 1 அன்றும் அரசுக் கடைகள் மூடியிருக்கும். வாகனம் ஓட்டுவோருக்கு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதே சட்டத்தின் வரம்பு; ஒரு ஸ்ட்ராங் பாட்டில் பலரை அந்த வரம்பைத் தாண்டச் செய்துவிடும் என்பதால், வீடு திரும்பும் வழியைப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆல்கஹாலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருந்து உட்கொள்வோருக்கும் இந்தக் கட்டுரையில் உள்ள எந்த வகையும் உரியதன்று. அவர்கள் கூட்டத்தில் தனித்திருக்க விரும்பாவிட்டால் ஆல்கஹால் நீக்கிய '0.0' பீர்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றிலும் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பொருள் எஞ்சியிருக்கும் என்பதால், அந்தத் தொல்லை உள்ளவர் இளநீரோடு நிற்பது நல்லது.

கடற்கரையில் அமர்ந்து அருந்த எண்ணுவோர்க்கு இன்னொன்று. பொது இடத்தில் அருந்துவது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்க, ஏப்ரல், மே மாதங்களில்தான் நம் கரையில் கள்ளக்கடல் எழுவது மிகுதி. காற்றோ மழையோ இன்றித் தெளிந்த வானத்தின் கீழேயே, தொலைவில் தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். மது அருந்திய நிலையில் அந்தக் கடலில் கால் நனைக்கவும் கூடாது.

பெரிய பாட்டிலை வாங்கி இரு சிறு குவளைகளோடு நிறுத்திக்கொண்டால் பாதி மிஞ்சும். மூடி வைத்தாலும் மறுநாள் அதில் குமிழி இருக்காது. அதை அருந்திப் பயனில்லை. அன்றே அது குளிர்ந்திருக்கும்போது, அரிசி மாவும் மைதாவும் சம அளவு எடுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் சேர்த்து, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக அந்தப் பீரால் கரைத்துக்கொள்ளுங்கள். கணவாய் வளையங்களை அதில் தோய்த்து உடனே காய்ந்த எண்ணெயில் விட வேண்டும். மாவை வைத்திருந்தால் குமிழி போய்விடும். வாயுவும் ஆல்கஹாலும் எண்ணெயில் பட்டவுடன் வெளியேறுவதால் மேலோடு மெல்லியதாகப் பொரிந்து வரும். இதற்கு லாகரே போதும். கோதுமைப் பீரை இதில் ஊற்றுவது வீண்.